டு பிளெசிஸுக்கு வேலி, சிட்ரோயனுக்கு எலுமிச்சை

பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களின் பழைய ஐரோப்பிய வேர்களைக் கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த வாரம் இடம்.

கேள்வி: நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். டு பிளெசிஸ் தென்னாப்பிரிக்கர்தானே, பெயர் மட்டும் எப்படி பிரெஞ்சு?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: ஓர் அரசரின் கையெழுத்தால் வந்த பயணம் அது. பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்து அரசாணையைப் பதினான்காம் லூயி 1685-இல் ரத்து செய்தார். யூகனோக்கள் என்று அழைக்கப்பட்ட அந்த மக்கள் ஹாலந்து, இங்கிலாந்து, ஜெர்மானிய நாடுகள் என்று தப்பி ஓடினார்கள். அவர்களில் ஒரு சிறு கூட்டத்தை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றி நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. பொய்த்தியே பகுதியைச் சேர்ந்த ஜான் பிரியேர் டு பிளெசிஸ் என்ற வைத்தியர் 1688-இல் அங்கே இறங்கினார். மறு ஆண்டு த வில்லியே சகோதரர்கள் மூவர் வந்தார்கள்.

‘பிளெசி’ என்றால் கிளைகளைப் பின்னி அடைத்த வேலி, அந்த வேலிக்குள் இருக்கும் இடம். ‘வில்லியே’ என்றால் சிற்றூர். ஆக, நீங்கள் கைதட்டியது வேலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு. இன்னொரு தென்னாப்பிரிக்க வீரர் ஏபி டி வில்லியர்ஸோ சிற்றூர்க்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளியிலும் கோவிலிலும் டச்சுதான் என்று கம்பெனி வைத்துவிட்டதால் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே பிரெஞ்சுப் பேச்சு போய்விட்டது. பெயர் மட்டும் தங்கியது. சில பெயர்களில் ஒலி நிலைக்க எழுத்து மாறியது. ஹன்சி குரோனியேவின் பெயர், ‘குரோனியே’ என்ற பிரெஞ்சுப் பெயரை டச்சுக் காதால் கேட்டு எழுதிய வடிவம்தான்.

கேள்வி: ஒரகடத்தில் ரெனோ கார் தொழிற்சாலைப் பக்கம்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்தப் பெயருக்கு என்ன பொருள் ஐயா?
— பஸ் பயணி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கம்பெனியை நிறுவிய சகோதரர்களின் குடும்பப்பெயர் அது. உரித்துப் பார்த்தால் உள்ளே பிரெஞ்சு இல்லை, பழைய ஜெர்மானியம் இருக்கிறது. ‘ராகின்’ என்றால் ஆலோசனை, ‘வால்ட்’ என்றால் ஆட்சி. இரண்டும் சேர்ந்த ராகின்வால்ட், பிரெஞ்சு வாயில் தேய்ந்து ரெனோ ஆனது. இங்கிலாந்தில் தேய்ந்து ரெனால்ட்ஸ் ஆனது. உங்கள் சட்டைப்பையில் ரெனால்ட்ஸ் பேனா இருந்தால், பேனாவின் பெயரும் காரின் பெயரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பிரெஞ்சுப் பெயருக்குள் ஜெர்மானியம் எப்படி வந்தது? ரோமப் பேரரசு தளர்ந்தபோது கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக்குள் வந்து ஆட்சியைப் பிடித்தவர்கள் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார். எண்ணிக்கையில் சிறுபான்மை, அதிகாரத்தில் முதன்மை. காலப்போக்கில் அவர்கள் தங்கள் மொழியை விட்டு மக்களின் லத்தீனுக்கு மாறினார்கள். மக்களோ தங்கள் பெயர்களை விட்டு ஆள்வோரின் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். பாரீசின் சான் ஜெர்மேன் மடத்துத் தலைவர் இர்மினோன் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்து நிலங்களில் உழுத குடிகளைக் கணக்கெடுத்து எழுதிவைத்தார். அதில் வரும் பெயர்களில் பெரும்பாலானவை ஜெர்மானியம். ஆளுக்கு ஒரே பெயர், குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்துப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் அந்தக் கணக்கில் தெரிகிறது. இன்று பிரான்சில் குடும்பப்பெயர்களாக இருக்கும் பெர்னார், ரொபேர், ரிஷார், ஜெரார் எல்லாம் இந்த வகைதான். அதற்காக, பெர்னார் என்று பெயருள்ளவர் ஃபிராங்குப் படைவீரரின் வாரிசு என்று முடிவு கட்டக்கூடாது. நம் ஊரில் ராஜேந்திரன் என்று பெயருள்ள எல்லோரும் சோழர் குலமா?

கேள்வி: பிரான்சில் மிக அதிகமாக உள்ள குடும்பப்பெயர் எது? அவர்கள் எல்லோரும் உறவா?
— பள்ளி மாணவி, காரைக்கால்

பதில்: மார்த்தேன். உறவு இல்லை.

தூர் நகரத்தின் ஆயராக இருந்து 397-இல் மறைந்த புனித மார்ட்டின்மீது அந்த மண்ணுக்கு அளவற்ற பாசம். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைத் தந்த படைவீரர் அவர். பிரான்சில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு அவர் பெயர். குழந்தைகளுக்கும் அதையே வைத்தார்கள். பிறகு ‘மார்த்தேன் மகன் பியேர்’ என்று சொல்லிச் சொல்லி, ஆயிரம் ஊர்களில் ஆயிரம் குடும்பங்களுக்குத் தனித்தனியாக அது குடும்பப்பெயராக உறைந்தது. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பிரான்சின் முதல் குடும்பப்பெயரைத் தந்தவர் இன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். அவர் பெயரோ ரோமர்களின் போர்க்கடவுள் மார்ஸிலிருந்து வந்தது. ரோமக் கடவுள், ஹங்கேரிப் பிறப்பு, பிரெஞ்சுக் குடும்பம்!

கேள்வி: ஆளுக்கு ஒரு பெயர் போதும் என்று இருந்தவர்களுக்கு இரண்டாவது பெயர் ஏன் தேவைப்பட்டது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: கியோம் என்ற பெயருள்ளவர்கள் பெருகிப் போனதால். 1170களின் தொடக்கத்தில் நார்மண்டியில் இங்கிலாந்தின் இளம் அரசர் ஹென்றி ஒரு கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார். கியோம் என்ற பெயருள்ளவர்கள் மட்டும் இந்த அறையில் சாப்பிடலாம், மற்றவர்கள் வெளியே போங்கள் என்று இரண்டு கியோம்கள் விளையாட்டாகச் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு, அதே பெயருள்ள வீரர்கள் மட்டும் 110 பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று அக்காலத்து மடத்துத் தலைவர் ரொபேர் த தொரிஞி எழுதிவைத்திருக்கிறார்.

மக்கள் தொகை ஏறியது, வைக்கும் பெயர்களோ குறைந்தன. வரி வாங்குகிறவருக்கும் பத்திரம் எழுதுகிறவருக்கும் எந்த கியோம் என்று தெரிந்தாக வேண்டும். எனவே பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளிலிருந்து அடையாளம் ஒன்று ஒட்டியது. நம் ஊரில் ‘மேலத்தெரு முருகேசன்’, ‘தச்சர் முருகேசன்’, ‘நெட்டை முருகேசன்’ என்பதுபோலத்தான். தோப்போரம் குடியிருந்தவர் துபுவா, பாலத்தருகே இருந்தவர் துபோன். செம்பட்டைத் தலைக்காரர் லெரூ. அதே சொல்லைக் கொஞ்சிச் சொன்னால் ரூஸோ. கருத்த நிறத்தவர் மொரோ. இங்கிலாந்துக்காரர் என்று ஊர் சொன்னவர் லாங்லுவா. புதுச்சேரி டுமாஸ் வீதிக்குப் பெயர் தந்த ஆளுநரின் பெயரிலும் ‘மா’ என்ற தென்பிரெஞ்சுச் சொல் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பொருள் பண்ணைவீடு.

தொழிற்பெயர்களில் கொல்லரின் கதைதான் கேட்கக் கேட்க இனிக்கும். லத்தீனில் கொல்லருக்கு ‘ஃபாபர்’. அது வடக்கே லெஃபெவ்ர் ஆனது, தெற்கே ஃபாப்ர் என்றும் ஃபோர் என்றும் ஆனது, சவுவா மலைப்பக்கம் ஃபாவ்ர் ஆனது. பிரெத்தாஞ் மக்கள் கெல்டிய மொழி பேசியவர்கள். அவர்களுக்குக் கொல்லர் ‘ல கோஃப்’. ஜெர்மன் பேசிய அல்சாசில் ஷ்மித். பட்டறை ஒன்று, பெயர் ஆறு. இங்கேதான் தேடுபவருக்கு முதல் துப்பு கிடைக்கிறது. பெயரின் பொருளைவிட அதன் வடிவம்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கும். லெஃபெவ்ர் என்றால் வடக்கே தேடுங்கள், ஃபாப்ர் என்றால் தெற்கே போங்கள்.

லெஃபெவ்ரின் எழுத்தில் உச்சரிக்காத ‘ப்’ ஒன்று உட்கார்ந்திருக்கும். லத்தீன் மூலத்தை நினைவூட்ட எழுத்தர்கள் செருகியது அது. அந்தக் காலத்தில் ‘உ’வுக்கும் ‘வ்’வுக்கும் ஒரே எழுத்து என்பதால், சில ஊர்களில் அதை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்து ‘லெஃபேபுய்ர்’ என்றார்கள். அதுவும் இன்று தனிக் குடும்பப்பெயர். ஓர் எழுத்தரின் இறகுப்பேனா ஒரு வம்சத்துக்கே பெயர் மாற்றிய கதை இது.

கேள்வி: ‘லெருவா’ என்றால் அரசர் என்கிறார்கள். அப்படிப் பெயருள்ளவர்கள் அரச வம்சமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: அரசருக்கு எதற்கு அடையாளப் பெயர்? ஊர்த் திருவிழாவில் அம்பெய்து வென்று அந்த ஆண்டின் ‘அரசர்’ ஆனவருக்கும், கம்பீரமாக நடப்பவருக்கும் ஊரார் வைத்தது அது. ஆயர் என்று பொருள்படும் லெவேக்கும் அப்படித்தான்.

கேள்வி: பெயருக்கு முன்னால் ‘த’ இருந்தால் பிரபுக் குடும்பம்தானே?
— வங்கி ஊழியர், திருச்சி

பதில்: ‘இந்த ஊரைச் சேர்ந்தவர்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரை அப்படிச் சேர்த்துக்கொண்டார்கள், குடியானவர்களும் ஊர்ப்பெயரை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். ஃபிளாண்டர்ஸ் பக்கம் வரும் ‘டெ’யோ வேறு மொழி, அங்கே ‘டெ பாக்கர்’ என்றால் ரொட்டி சுடுகிறவர். எழுத்தாளர் பால்சாக்கின் தந்தை பிறந்தபோது குடும்பப்பெயர் பால்சா. தெற்கேயிருந்து பாரீசுக்கு வந்தவர் அதைப் பால்சாக் என்று மாற்றிக்கொண்டார். மகன் அதற்கு முன்னால் ‘த’ சேர்த்தார். புத்தக அட்டையில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தேடினால் தாத்தா காலத்தைக்கூடத் தொட முடியாது.

கேள்வி: சிட்ரோயன் என்ற பெயருக்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தம் உண்டாமே?
— கார் மெக்கானிக், திருவள்ளூர்

பதில்: உண்டு. உங்கள் மாவட்டத்தில் தயாராகும் அந்தக் காரின் பெயர் ஆம்ஸ்டர்டாமின் பழக்கடையிலிருந்து வந்தது. நெதர்லாந்து நெப்போலியனின் கீழ் இருந்தபோது, 1811-இல் எல்லோரும் நிலையான குடும்பப்பெயரைப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரூலஃப் என்ற யூதப் பழவியாபாரி தன் தொழிலை வைத்தே ‘லிமுன்மான்’, அதாவது எலுமிச்சைக்காரர், என்ற பெயரைக் கொண்டார். மகன் காலத்தில் அது ‘சித்ரூன்’ ஆனது. டச்சில் அதற்கும் எலுமிச்சை என்றுதான் பொருள். பேரன் பாரீசுக்குக் குடியேறினார். அங்கே 1878-இல் பிறந்த கொள்ளுப்பேரன் ஆந்த்ரேதான் கார் கம்பெனியைத் தொடங்கியவர். பாரீசில் பெயரின் மேல் இரண்டு புள்ளிகள் ஏறி, உச்சரிப்பும் மாறியது. பிரெஞ்சுப் பெயராக உலகம் அறிந்த இதற்குப் பிரான்சில் பழைய வேரே கிடையாது. இப்படிப்பட்ட பெயர்கள் ஏராளம் என்பதால்தான், பெயரைப் பார்த்ததும் நாட்டைச் சொல்லாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: என் மருமகள் பிரெஞ்சுக்காரப் பெண். அவள் குடும்பப்பெயரின் மூலத்தைத் தேடி அவளுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தர ஆசை. எங்கே தொடங்குவது?
— இல்லத்தரசி, கோவை

பதில்: அம்மா, உங்கள் ஆசையே பெரிய பரிசு. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: பெயரைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். பெயர் அகராதியைத் திறந்து பொருளைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 1951-இல் வெளிவந்த அல்பேர் தோசாவின் அகராதி அருமையான நூல். ஆனால் அது சொல்லின் பிறப்பைச் சொல்லும், உங்கள் மருமகளின் முப்பாட்டனைச் சொல்லாது.

மருமகளின் பெற்றோரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடங்கள். பிரெஞ்சுத் திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயரும் இருக்கும். அதுவே அடுத்த படி. பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டு கழிந்தால் யாரும் பார்க்கலாம், இறப்புப் பதிவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பெரும்பாலான மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பழைய ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பத்தாண்டுக்கு ஒரு பெயர் அட்டவணை உண்டு. அதைப் பிடித்தால் பாதி உழைப்பு மிச்சம். 1793 முதல் 1805 முடியும்வரை உள்ள தேதிகள் புரட்சிக் காலத்துப் புது நாட்காட்டியில் இருக்கும். மாதப் பெயர்கள் விசித்திரமாக இருக்கிறதே என்று மிரளாதீர்கள், மாற்றிப் பார்க்க அட்டவணைகள் உண்டு.

1792-க்கு முன்னால் மேரி (நகராட்சி) அலுவலகப் பதிவு கிடையாது, பங்குக்கோவில் ஏடுதான். 1539-இல் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்ரேயில் பிறப்பித்த அரசாணை, ஞானஸ்நானங்களை எழுதிவைக்கப் பங்குத்தந்தையரைக் கட்டாயப்படுத்தியது. 1579-இல் திருமணமும் அடக்கமும் சேர்ந்தன. 1667-இலிருந்து ஏட்டை இரண்டு படியாக எழுத வேண்டும் என்று விதி வந்தது. தேடுபவர்கள் இந்த விதிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்று எலிக்குப் போனாலும் மற்றொன்று கிடைக்கும். பாரீஸ் மட்டும் பாவம் செய்த ஊர். 1871 மே மாதம், கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில், நகரமன்றத்தில் இருந்த படியும் நீதிமன்றத்தில் இருந்த படியும் ஒரே வாரத்தில் எரிந்தன. திரும்ப எழுதப்பட்டது சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

எழுத்துக்கூட்டு மாறினால் திகைக்க வேண்டாம். பங்குத்தந்தை காதில் விழுந்ததை எழுதினார்; அப்பனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று இருக்கும். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் கூடாது என்ற சட்டம் 1794-இல் வந்தது. 1877 முதல் குடும்பத்துக்கு ஒரு பதிவுப் புத்தகம் தரத் தொடங்கிய பிறகுதான் எழுத்து அசையாமல் நின்றது.

பல குடும்பங்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டுவரை போக முடியும். அதற்கும் முன்னால் நோட்டரி பத்திரங்கள், வரிப்பட்டியல்கள். 1292-ஆம் ஆண்டு பாரீஸ் வரிப்பட்டியலில் சுமார் 15,000 பேர் இருக்கிறார்கள். புர்கோஞ் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊரின் கோவில் ஏடு 1334-இல் தொடங்குகிறது. பிரான்சின் மிகப் பழைய ஏடு அதுவே. 1348-இல் கொள்ளைநோய் வந்தபோது அதில் அடக்கங்கள் பக்கம் பக்கமாக நிரம்பின. அந்தப் பக்கங்களைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகிறது. அந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியக் காரணம், அவர்கள் இறந்தது எழுதப்பட்டதுதான்.

கேள்வி: எல்லாம் அப்பா வழிதானா? அம்மா பெயர் எங்கே போயிற்று?
— வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: நல்ல கேள்வி. ஜான் தார்க் 1431-இல் விசாரணையின்போது தன் பெயர் தார்க் அல்லது ரொமே என்றார். ரொமே தாயின் பெயர். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் தாயின் பெயரைத்தான் கொள்வார்கள் என்று நீதிபதிகளிடமே சொன்னார். நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மாவின் குடும்பப்பெயரும் பெண்வழிதான். பிரபுவான தந்தையின் பெயரைத் தள்ளிவிட்டு, கரீபியத் தீவில் அடிமையாக இருந்த தாய் மரி-செசெத்தின் பெயரோடு 1786-இல் படையில் சேர்ந்தவர் அந்த நாவலாசிரியரின் தந்தை. பிறகு ஜெனரல் ஆனார். 2005 முதல் பிரெஞ்சுப் பெற்றோர் தாய் பெயரையும் பிள்ளைக்கு வைக்கலாம். பழைய ஏடுகளிலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதப்பட்டார்கள், சாகும்வரை. தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக சேவியர் உண்டு. அதற்கு ஏதாவது பொருள் உண்டா?
— மீனவர், மணப்பாடு

பதில்: புதுவீடு! பிரெஞ்சு-ஸ்பானிய எல்லையில் பாஸ்க் மக்களின் மொழி அக்கம்பக்கத்து மொழி எதனோடும் உறவில்லாதது. அங்கே மனிதர் வீட்டுக்குப் பெயர் வைப்பதில்லை. வீடுதான் மனிதருக்குப் பெயர் தரும். ‘எத்சே’ வீடு, ‘பெர்ரி’ புதியது. பிரெஞ்சுப் பாஸ்க் பக்கம் எத்செவெரி என்ற குடும்பப்பெயர் பரவலாக உண்டு. பக்கத்து கஸ்கோஞியில் அதே பொருளுக்குக் காஸ்நாவ், பிரெஞ்சில் மேசோன்நேவ். தெற்கே நவாரில் அந்தச் சொல்லே சவியேர் என்ற கோட்டையின் பெயராக மருவியது. அந்தக் கோட்டையில் 1506-இல் பிறந்தவர்தான் 1542-இல் உங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியார். சவேரியார், சேவியர், எத்செவெரி மூன்றும் ஒரே வீட்டுப் பெயர்.

கேள்வி: டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் ஒரே நாளில் வேர் தெரிந்துவிடாதா?
— மருத்துவ மாணவர், தஞ்சாவூர்

பதில்: பிரான்சில் ஆர்வத்துக்காக அதைச் செய்வது சட்டப்படி குற்றம்; 3,750 யூரோ அபராதம். உமிழ்நீரில் குடும்பப்பெயரும் எழுதியிருக்காது.

கேள்வி: எங்கள் குடும்பப்பெயர் பிரெஞ்சு. தாத்தாவின் தாத்தா பிரான்சிலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தால் நாங்கள் அசல் தமிழர். எது உண்மை?
— வாசகி, புதுச்சேரி

பதில்: இரண்டில் எதுவும் இருக்கலாம், ஏடுதான் தீர்ப்புச் சொல்லும். பிரெஞ்சு இந்தியாவில் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை ஒன்று வந்தது. சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர விரும்பும் இந்தியர் அப்படி வரலாம். அப்போது நிலையான குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டும். அப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். அந்த இயக்கத்துக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, 1873-இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டுப் பாரீஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றவர். அவர் கொண்ட பெயர் லாபோர்த். அதன் பொருள் கதவு. பலர் தமிழ்ப்பெயரையே குடும்பப்பெயராக்கினார்கள், பலர் பிரெஞ்சுப் பெயரைக் கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் பெயருக்கு ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டு வேர் இருக்கலாம். குடும்பத்தின் வேர் வில்லியனூரிலோ பாகூரிலோ இருக்கும்.

பிரான்சிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களும் உண்மையிலேயே உண்டு. புதுச்சேரியின் பழைய கோவில் ஏடுகள் 1676 முதல் இருக்கின்றன. ஆளுநராக இருந்த வரலாற்றாசிரியர் ஆல்பிரட் மார்த்தினோ அவற்றின் சுருக்கத்தை அச்சிட்டிருக்கிறார். (மார்த்தினோ என்றால் குட்டி மார்த்தேன்.) உங்கள் குடும்பப்பெயர் முதலில் 1881-க்குப் பிந்தைய பதிவில்தான் வருகிறது என்றால் விடை தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவில் பிரெஞ்சு ஊர் ஒன்றின் பெயரோடு வந்தால், அந்த ஊரின் ஏட்டைத் திறங்கள். பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. புதிய பதிவுகளுக்கு நாந்து நகரத்தின் மையப் பதிவகம்.

உங்களிடமும், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் குடும்பங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். பரணில் தாத்தாவின் தகரப்பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். உள்ளே முத்திரை குத்திய பிரெஞ்சுத் தாள் இருந்தால் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், தாள் பாழாகும். இரண்டு பக்கமும் படமெடுத்து, பாட்டி சொல்லும் பெயர்களைத் தனித்தாளில் தேதியோடு எழுதி, கூடவே வையுங்கள்.